சோப் டீச்சர் பதில்கள்: தராசை முதலில் கையில் கொடுங்கள்

நம் சோப் டீச்சர் காங்கேயத்தில் பள்ளி வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டுப் பொடக்காளியில் (கொல்லைப்புறத்தில்) கைவினை சோப் வகுப்பு நடத்துகிறார். வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் அவருடைய பதில்கள்.

எங்கள் வீட்டுக்கு வேண்டிய குளியல் சோப்பை நானே செய்துகொள்கிறேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் "எங்களுக்கும் சொல்லிக் கொடுங்களேன்" என்று கேட்கிறார்கள். எனக்குச் செய்ய வரும். ஆனால் காஸ்டிக் சோடாவை இன்னொருவர் கையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது. வகுப்பை எங்கிருந்து ஆரம்பிப்பது?
- வாசகி, திண்டுக்கல்

அந்தப் பயம் அப்படியே இருக்கட்டும் அம்மணி. எண்ணெயைச் சோப்பாக மாற்றுகிற அந்தக் காரம் தோலையே அரிக்கும். காஸ்டிக்கைப் பார்த்துப் பயமே இல்லை என்கிறவரிடம் நான் யாரையும் சோப் கற்றுக்கொள்ள அனுப்ப மாட்டேன்.

பல வகுப்புகளில் என்ன நடக்கிறது? சொல்லித் தருகிறவரே எண்ணெயை ஊற்றுவார், அவரே பிளெண்டரைப் பிடிப்பார், மேலே ரோஜா இதழையும் அவரே தூவுவார். சுற்றி நிற்கிறவர்கள் போனில் படம் எடுப்பார்கள். கிளம்பும்போது ஆளுக்கு ஒரு துண்டு சோப்பும், அளவு எழுதிய ஒரு தாளும் கிடைக்கும். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று உட்கார்ந்தால், தாளில் இருக்கிற எண்ணெய் ஒன்று கையில் இருக்காது. சரி, இருக்கிற எண்ணெயை ஊற்றுவோம் என்று ஊற்றிவிடுவார்கள். ஆபத்து வருவது அந்த இடத்தில்தான். அடுத்த கேள்வியைப் படித்தால் உங்களுக்கே தெரியும்.

அதனால் முதல் நாள் வகுப்பில் காஸ்டிக் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். தராசு, தண்ணீர், எண்ணெய், கல்லுப்பு போதும். காஸ்டிக்குக்குப் பதிலாக அந்தக் கல்லுப்பை 77 கிராம் நிறுக்கச் சொல்லுங்கள். கிண்ணத்தை வைத்துத் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாரா, ஒரு கிராம் கூடினால் எடுக்கிறாரா அல்லது "பரவாயில்லை" என்று விடுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். "பரவாயில்லை" என்று சொல்கிறவர் அன்றைக்கே இன்னும் நான்கு முறை நிறுக்க வேண்டும். தராசும் சரியாக இருக்க வேண்டும். தெரிந்த மளிகைக் கடையில் முத்திரையிட்ட 100 கிராம் எடைக்கல் இருந்தால் வாங்கி வந்து வைத்துப் பாருங்கள்.

அன்றைக்கே கணக்கையும் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு எண்ணெயும் சோப்பாக மாறக் குடிக்கும் காஸ்டிக் வேறு வேறு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம். கடலை எண்ணெய்க்கு 0.136. நல்லெண்ணெய்க்கு 0.134. விளக்கெண்ணெய்க்கு 0.128. இந்த நான்கு எண்களை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நான் வகுப்பில் போடும் முதல் கணக்கு இது. தேங்காய் எண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150, விளக்கெண்ணெய் 50. பெருக்கினால் 54.9, 20.1, 6.4. கூட்டினால் 81.4 கிராம். அவ்வளவையும் போட்டால் எண்ணெய் மொத்தமும் சோப்பாகிவிடும், தோலுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதோடு எண்ணெய்க்கு எண்ணெய் இந்த எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்பதால், கையில் ஒரு காப்பும் வேண்டும். ஆகவே 5 சதவீதம் குறைக்கிறோம். 77 கிராம் வருகிறது. தண்ணீர் 165 கிராம். காஸ்டிக்கின் எடையில் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே என்று நினைவில் வைத்தால் போதும். மில்லியும் கப்பும் வேண்டாம், தண்ணீரும் எண்ணெயும்கூடத் தராசில்தான்.

இரண்டாம் நாள்தான் காஸ்டிக். இடம் திறந்த வெளியாக இருக்கட்டும், எனக்குப் பொடக்காளி, உங்களுக்கு மொட்டை மாடியோ வராந்தாவோ. குழந்தைகளும் நாயும் பூனையும் அந்தப் பக்கம் வரக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் உறை, முழுக்கைச் சட்டை, காலை மூடும் செருப்பு. சேலையென்றால் முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருக வேண்டும், துப்பட்டா என்றால் கழற்றி வைத்துவிட வேண்டும். பாத்திரம் கெட்டியான எவர்சில்வர். அலுமினியம் கூடவே கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். சாக்கடை அடைப்பு நீக்கும் தூளைக் காஸ்டிக் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். சிலவற்றில் அலுமினியத் துகளே கலந்திருக்கும்.

தண்ணீரில் காஸ்டிக்கைப் போட வேண்டும். காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, ஊற்றினால் பொங்கித் தெறிக்கும். இதை வாயால் சொன்னால் போதாது. நீங்கள் ஒரு முறை எல்லோர் முன்னும் செய்து காட்டுங்கள். வெள்ளைச் சில்லுகள் தண்ணீரில் விழுந்ததும் முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். கரண்டியைச் சுற்றினால் தண்ணீர் கலங்கி வெள்ளையாகும். பாத்திரத்தின் வெளிப்பக்கம் சூடேறுவதை உறை போட்ட கைகூட உணரும். மெல்லிய ஆவி எழும்பும், அது தொண்டையைப் பிடிக்கும். எல்லோரும் தானாக ஓர் அடி பின்னால் போவார்கள். வெப்பமானியை விட்டால் 80 டிகிரியைத் தாண்டும், அடுப்பே இல்லாமல். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு காஸ்டிக்கிடம் விளையாட மாட்டார்கள். கொஞ்ச நேரத்தில் கலங்கல் தெளிந்து, கண்ணாடித் தண்ணீர் ஆகிவிடும். அந்தத் தெளிவுதான் ஏமாற்றும். பச்சைத் தண்ணீருக்கும் அதற்கும் பார்வையில் வித்தியாசமே இருக்காது. பாத்திரத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள், அதை விட்டு யாரும் நகரக் கூடாது.

காஸ்டிக் கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி அளவுக்கு வந்ததும் கரைசலை எண்ணெயில் ஊற்றி, பிளெண்டரை விட்டு விட்டு ஓட்ட வேண்டும். தூக்கிச் சொட்டவிட்டால் விழுந்த கோடு உடனே முழுகாமல் மேலே நின்றால் ட்ரேஸ், அதாவது கலவை இறுகத் தொடங்கும் பதம், வந்துவிட்டது, மோல்டில் (அச்சில்) ஊற்றலாம். ஒரு நாள் கழித்து வெட்டி, காற்றாட நான்கு முதல் ஆறு வாரம் வைக்க வேண்டும். இந்தப் பகுதியைக் கற்றுக்கொள்ள யாருக்கும் அதிக நேரம் ஆகாது.

ஒரு வகுப்புக்கு ஆறு பேருக்கு மேல் வேண்டாம். காஸ்டிக் கரைக்கும்போது ஒரு நேரத்தில் ஒருவர்தான், அவர் பக்கத்தில் நீங்கள். தண்ணீர்க் குழாய் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். தோலில் பட்டால் முதலில் வழவழப்பாக இருக்கும், எரிச்சல் பிறகுதான் வரும். வழவழப்பு தெரிந்த உடனே பட்ட துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும். வினிகரையோ எலுமிச்சையையோ உடம்பில் ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டால் நன்றாகத் திறந்து கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்யுங்கள். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். மிச்சக் காஸ்டிக்கை ஊறுகாய் பாட்டிலிலோ உப்பு ஜாடியிலோ போட்டு வைக்காதீர்கள். பார்க்கக் கல்லுப்பு மாதிரியே இருக்கும். வந்த டப்பாவிலேயே, தமிழில் "விஷம்" என்று எழுதி, பூட்டு போட்ட இடத்தில் வையுங்கள். இறுக மூடுங்கள், இல்லாவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும். பிறகு தராசு காட்டுகிற எடையில் காஸ்டிக் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

தேங்காய் எண்ணெய் விலை ஏறிப்போனதால், வகுப்பில் கொடுத்த அளவில் 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்குப் பதில் எங்கள் வீட்டுக் கடலை எண்ணெய் 500 கிராம் ஊற்றினேன். மற்றதெல்லாம் தாளில் இருந்தபடியே, காஸ்டிக் 87 கிராம். ஒரு மாதம் காய்ந்த பிறகும் கையில் பட்டால் எரிகிறது, வெட்டிய இடத்தில் வெள்ளைப் பொரியாகத் தெரிகிறது. தூக்கிப் போடவும் மனசில்லை.
- வாசகி, திருவண்ணாமலை

அதை வைத்து யாரும் குளிக்க வேண்டாம், துணியும் துவைக்க வேண்டாம். முதலில் தனியாக எடுத்து வையுங்கள்.

உங்கள் மேல் தப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாளைக் கொடுத்தவர் அந்த 87 எங்கிருந்து வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். 500-ஐ 0.183-ஆல் பெருக்கினால் 91.5. ஐந்து சதவீதம் குறைத்தால் 87. அது தேங்காய் எண்ணெய்க்கு. கடலை எண்ணெய் 500 கிராமுக்கு 0.136 வீதம் முழுசாகப் போட்டாலே 68 கிராம்தான். நீங்கள் போட்டது 87. ஆக 19 கிராம் காஸ்டிக் சேர ஆளில்லாமல் உங்கள் சோப்புக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. எத்தனை மாதம் காய வைத்தாலும் அதை நம்பிக் குளிக்க முடியாது.

ஆனால் தூக்கிப் போட வேண்டியதில்லை. கணக்கு கெடுத்ததைக் கணக்கே சரி செய்யும். 87 கிராம் காஸ்டிக், 5 சதவீதம் குறைத்த அளவாக இருக்க வேண்டுமானால் முழு அளவு எவ்வளவு? 87-ஐ 0.95-ஆல் வகுத்தால் 91.6. அதில் கடலை எண்ணெய் 68-ஐ எடுத்துக்கொண்டது. பாக்கி 23.6. இதைத் தேங்காய் எண்ணெய் எடுத்துக்கொள்ளட்டும். 23.6-ஐ 0.183-ஆல் வகுத்தால் 129. ஆகவே 130 கிராம் தேங்காய் எண்ணெய் சேர்க்க வேண்டும். இது ஒரு துண்டுகூட விடாமல் மொத்த சோப்பும் கையில் இருந்தால்தான். பாதிதான் இருக்கிறது என்றால் எண்ணெயும் பாதி.

கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூக்கையும் மூடிக்கொண்டு, சோப்பைத் துருவுங்கள் அல்லது சின்னச் சின்னதாக நறுக்குங்கள். நறுக்கினால் தூள் பறக்காது, அதுதான் நல்லது. எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் தெளித்து, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வையுங்கள். குழைந்து வந்ததும் எண்ணெயை ஊற்றிப் பொறுமையாகக் கிளற வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகலாம். வெள்ளைப் பொரி எங்கும் இல்லாமல் ஒரே சீராக ஆன பிறகு மோல்டில் அழுத்துங்கள். பார்க்க அழகாக இருக்காது, கரடுமுரடாகத்தான் வரும்.

நான்கு வாரம் கழித்துச் சோதனை. மருந்துக் கடையிலோ ஆய்வகப் பொருள் விற்கும் கடையிலோ, காரத்தை நிறத்தால் காட்டும் பினால்ஃப்தலீன் கரைசல் கிடைத்தால், வெட்டிய முகத்தில் இரண்டு இடத்தில் ஒரு சொட்டு விடுங்கள். அடர்ந்த ரோஸ் நிறம் வந்தால் காஸ்டிக் இன்னும் இருக்கிறது. நிறமே மாறாமலோ லேசாக மட்டும் மாறியோ இருந்தால் சரி. அப்போதும் முதலில் பாத்திரம், துணி என்று பயன்படுத்திப் பாருங்கள். குளிக்க, கணக்குப் போட்டுப் புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள்.

"கெமிக்கல் இல்லாத சோப்" செய்யக் கற்றுத் தருவதாக விளம்பரம் பார்த்தேன். காஸ்டிக் இல்லாமல் சோப் வருமா?
- வாசகர், சேலம்

வராது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால்தான் சோப். காஸ்டிக்கே தொடாமல் செய்வதாகச் சொல்கிறவர்கள், ஏற்கெனவே செய்து கட்டியாக விற்கும் சோப் பேஸை உருக்கி ஊற்றுகிறார்கள். அந்த பேஸை எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ காரம் போட்டுத்தான் செய்திருக்கிறார்கள். விறகுச் சாம்பலைக் கரைத்து வடித்த தண்ணீரிலும் செய்யலாம், அதிலும் இருப்பது காரம்தான். அதன் வீரியம் ஒவ்வொரு முறையும் மாறும், சோப்பும் கெட்டியாகாமல் குழகுழவென்று நிற்கும்.

சரியாகக் கணக்குப் போட்டுச் செய்து, காய்ந்த சோப்பில் காஸ்டிக் மிச்சம் இருக்காது. எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிட்டிருக்கும். இதைச் சொல்லிக் கொடுக்காமல் "கெமிக்கல் இல்லை" என்று சொல்லி ஆள் சேர்ப்பது கற்க வருகிறவர்களுக்குச் செய்கிற துரோகம் என்றுதான் எனக்குப் படுகிறது. வீட்டில் காஸ்டிக்கைக் கையாளும்போது அவர்களுக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரிந்திருக்காது.

எங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பு. வகுப்பில் கற்ற சோப் அங்கே நன்றாக நுரைத்தது, இங்கே நுரையே இல்லை, உடம்பில் பிசுபிசு என்று ஒட்டுகிறது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் கற்றுக் கொடுக்கப் போகிறேன். என்ன மாற்ற வேண்டும்?
- வாசகி, ராமநாதபுரம்

இப்படிக் கேட்கிறவர்தான் நல்ல டீச்சர். ஊர்த் தண்ணீரைப் பார்க்காமல் சோப் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

உங்கள் தண்ணீரில் இரண்டு சிக்கல் சேர்ந்திருக்கலாம். ஒன்று, சாதாரண உப்பு. அது சோப்பைக் கரைய விடாது. இன்னொன்று, கால்சியமும் மக்னீசியமும். அவை சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடும். உடம்பில் ஒட்டுவதும் வாளியில் வளையமாகப் படிவதும் அதுதான்.

உப்புக்கு மருந்து தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் சோப் கடல் தண்ணீரிலேயே நுரைக்கும். கப்பலில் போகிறவர்களுக்கு அதைத்தான் செய்து கொடுத்தார்கள். ஆனால் முழுக்கத் தேங்காய் எண்ணெய் என்றால் தோலை வறட்டும். அதனால் காஸ்டிக்கை 5 சதவீதம் குறைப்பதற்குப் பதிலாக 20 சதவீதம் குறையுங்கள். 500 கிராமுக்கு 91.5, அதில் 20 சதவீதம் போனால் 73 கிராம்.

பிசுக்குக்கு சிட்ரிக் ஆசிட் உதவும், சமையலுக்கு வாங்கும் எலுமிச்சை உப்புதான். 500 கிராம் எண்ணெய்க்கு 5 கிராம் போதும். ஆனால் அது அமிலம், உங்கள் காஸ்டிக்கில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். 10 கிராம் சிட்ரிக் ஆசிட் ஏறக்குறைய 6 கிராம் காஸ்டிக்கை எடுக்கும். ஆகவே 5 கிராமுக்கு 3 கிராம் கூடுதல். மொத்தம் 76 கிராம் காஸ்டிக், 180 கிராம் தண்ணீர். சிட்ரிக் ஆசிட்டை முதலில் தண்ணீரில் முழுசாகக் கரைத்துவிட்டு, பிறகு காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். இந்தத் தண்ணீர் மழைத் தண்ணீராகவோ ஆர்.ஓ. தண்ணீராகவோ இருக்கட்டும், போர் தண்ணீர் வேண்டாம்.

ஒன்று மறக்காமல் சொல்லிக் கொடுங்கள். தேங்காய் எண்ணெய் சோப் சீக்கிரம் இறுகும். மறுநாள் வரை விட்டால் கத்தி வைத்த இடத்தில் பாளம் பாளமாக உடையும். ஊற்றிய சில மணி நேரத்திலேயே, தொட்டால் கெட்டியாக, ஆனால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கையுறையோடு வெட்டிவிடுங்கள். பிசுக்கு முழுக்கப் போய்விடும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், நன்றாகக் குறையும்.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சோப் செய்முறை நடத்தித் தர முடியுமா என்று கேட்கிறார்கள்.
- ஆசிரியர், தஞ்சாவூர்

காஸ்டிக் வைத்து வேண்டாம் தம்பி. பிள்ளைகள் எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும் வேண்டாம். சோப் பேஸை உருக்கி, ஊற்றி, நிறம் சேர்க்கட்டும், அதுவே அவர்களுக்குக் கொண்டாட்டம். அதனோடு தண்ணீரும் எண்ணெயும் ஒரு பாட்டிலில் குலுக்கிக் காட்டி, சோப் போட்ட பிறகு எப்படிக் கலக்கிறது என்று காட்டுங்கள். நிறுப்பதும் பெருக்குவதும் அவர்களே செய்யலாம். நோட்டில் கணக்கைக் கற்ற பிள்ளை பெரியவளானதும் காஸ்டிக்கைத் தொடட்டும்.

மஞ்சள் சோப் செய்தால் முதலில் சிவந்து, பிறகு மங்கிவிடுகிறது. செம்பருத்தி போட்டால் பழுப்பாகிறது. வகுப்பில் எல்லோரும் நிறத்தைத்தான் கேட்கிறார்கள்.
- வாசகி, ஈரோடு

மஞ்சள் ஊரிலிருந்தே இந்தக் கேள்வி! ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதே வேலைதான். காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். காரம் தீரத் தீர மஞ்சளும் ஆரஞ்சுமாகத் திரும்பும், வெயில் பட்டால் மங்கும். உங்கள் சோப்பில் குறை எதுவும் இல்லை. மஞ்சளைக் காஸ்டிக் கரைசலில் போடாமல், ஒரு ஸ்பூன் எண்ணெயில் குழைத்துக் கடைசியில் சேர்த்து, வெளிச்சம் படாத இடத்தில் காய வையுங்கள். அரை ஸ்பூன் போதும், அதிகமானால் துண்டெல்லாம் கறை.

பெரும்பாலான பூக்களின் நிறம் காரத்தில் நிற்காது. செம்பருத்தி, ரோஜா இரண்டும் பழுப்புதான். பச்சைக் கற்றாழையும் பப்பாளியும் துண்டு துண்டாகப் போட்டால் உள்ளே கெட்டுப்போகும். மைபோல அரைத்து, அந்த எடையைத் தண்ணீரில் கழித்துக்கொண்டு போடலாம். கிராம்பு எண்ணெய் போடுகிறவர்களுக்கு எச்சரிக்கை: கலவை கண் மூடித் திறப்பதற்குள் இறுகிவிடும், தோலையும் எரிக்கும். புதிதாகக் கற்பவர்களின் வகுப்பில் அதை நான் வெளியில் எடுப்பதே இல்லை. முதல் சோப் வெறும் வெள்ளையாக இருக்கட்டும். எண்ணெயும் காஸ்டிக்கும் எப்படி நடந்துகொள்கின்றன என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமல்லவா?

வேப்பெண்ணெய் மட்டும் வைத்துச் செய்யலாமா?
- வாசகர், விருதுநகர்

நாற்றம் தாங்காது, நுரையும் வராது. மொத்த எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு வேப்பெண்ணெய் போதும். அதற்கான எண் 0.138.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் பத்துப் பேரும் சோப் செய்யக் கற்றுக்கொண்டோம். சந்தையில் விற்க ஆரம்பிக்கலாமா?
- குழுத் தலைவி, கரூர்

வீட்டுக்குச் செய்து குளிப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம். விற்பதென்றால் உரிமம் வேண்டும். குளியல் சோப் நம் நாட்டில் அழகுசாதனப் பொருள், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்துக்குள் வருகிறது. இப்போது நடப்பில் உள்ளவை 2020-இன் அழகுசாதனப் பொருட்கள் விதிகள். தயாரிப்பு உரிமத்துக்கு விண்ணப்பம் சி.ஓ.எஸ்-5 படிவம், கிடைக்கும் உரிமம் சி.ஓ.எஸ்-8. மாநில மருந்து கட்டுப்பாட்டுத் துறைதான் கொடுக்கும். தனியான இடம் வேண்டும், வீட்டு அடுப்படி ஆகாது. வேதியியல் ஒரு பாடமாகப் படித்த தகுதியானவர் ஒருவர் மேற்பார்வைக்கு இருக்க வேண்டும். உங்கள் குழுவில் பிளஸ் டூவில் வேதியியல் படித்த பெண் இருந்தால் முதலில் அவரைப் பற்றி விசாரியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல், உங்கள் மாவட்டத்தில் உள்ள அந்தத் துறை அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. "சொரியாசிஸ் போகும், கரும்புள்ளி மறையும்" என்று உறையில் எழுதாதீர்கள். நோயைக் குணமாக்கும் என்று சொன்ன நிமிடமே அது மருந்தாகிவிடும், அதற்கு விதிகளும் உரிமமும் வேறு. சோப் அழுக்கைப் போக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அதை நன்றாகச் செய்கிற சோப்புக்குக் கரூர்ச் சந்தையில் ஆள் வருவார்கள்.

உரிமம் வரும் வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரே அளவில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் தேதி, எண்ணெய் வாங்கிய கடை, எடைகள், ஊற்றியபோது இருந்த சூடு என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துப் பேரும் தனித்தனியே செய்த சோப் ஒரே மாதிரி வர ஆரம்பித்தால்தான் நீங்கள் தொழிலுக்குத் தயார்.

ஓய்வு பெற்ற எனக்கு இதைக் கற்றுக்கொள்ள ஆசை. எல்லா வகுப்பிலும் பெண்களே இருக்கிறார்கள், சேர்ப்பார்களா என்று தயக்கம்.
- வாசகர், பொள்ளாச்சி

தாராளமாகச் சேருங்கள் ஐயா. தேங்காய் ஊர்க்காரர் நீங்கள், எண்ணெயைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தர உங்களிடம் நிறைய இருக்கும். கை நடுக்கம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். காஸ்டிக் கரைக்கும் வேலையை ஜோடியில் இன்னொருவர் பார்த்துக்கொள்வார், எடை போடுவதும் கணக்கும் உங்களுடையவை.

வகுப்புக்குக் காசு வாங்கலாமா? நானே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த அளவுகளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் நாளைக்கு அவர்களே எனக்குப் போட்டியாகிவிட மாட்டார்களா?
- வாசகி, மதுரை

காசு வாங்குங்கள், கட்டாயம் வாங்குங்கள். எண்ணெய், காஸ்டிக், கையுறை, கண்ணாடி எல்லாம் செலவு. உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு. கையுறையையும் கண்ணாடியையும் அந்தக் கட்டணத்திலேயே சேர்த்து அவர்களுக்கே கொடுத்தனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டில் "அப்புறம் வாங்கிக்கலாம்" என்று வெறுங்கையோடு ஆரம்பித்துவிடுவார்கள்.

அளவை மறைத்து என்ன ஆகப் போகிறது? திருவண்ணாமலை அம்மணியின் கேள்வியை மேலே படித்தீர்கள். கணக்கு தெரியாத ஒருவர் உங்கள் அளவைத் தெரிந்துகொண்டால் அவருக்கு ஆபத்து. கணக்கு தெரிந்தவருக்கு உங்கள் அளவே தேவைப்படாது, தன் வீட்டு எண்ணெய்க்குத் தானே ஒன்று எழுதிக்கொள்வார். என்னிடம் படித்த பெண்களில் சிலர் இப்போது தங்கள் ஊரில் வகுப்பு எடுக்கிறார்கள். புது எண்ணெய் கிடைத்தால் கணக்கைப் போட்டு, "டீச்சர், ஒரு தடவை பாருங்க" என்று போனில் அனுப்புவார்கள். சரியாக இருந்தால் நானும் அதைச் செய்து பார்ப்பேன். எனக்கு இலுப்பெண்ணெய் சோப் வந்தது அப்படித்தான்.

இந்த இதழ் வாசகர்களுக்கும் ஒரு கணக்கு தருகிறேன். தேங்காய் எண்ணெய் 400 கிராம், கடலை எண்ணெய் 250 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். 5 சதவீதம் குறைக்க வேண்டும். காஸ்டிக் எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை கிராம்? வெறும் விடை வேண்டாம், போட்ட வழியையும் எழுதி அனுப்புங்கள். விடை அடுத்த இதழில்.